இடது முழங்கால்

ஆட்டம் தொடங்கிப் பதினோராவது நிமிடம். எதிரணியின் கோல்காப்பாளர் ஓங்கி உதைத்த பந்து காற்றில் தள்ளாடிக்கொண்டு மைதானத்தின் இந்தப் பாதிக்கு வர, நான்காம் இலக்கச் சட்டை போட்ட பெண் பின்னால் இரண்டு எட்டு வைத்து, எம்பி, தலையால் அதைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கீழே இறங்கினாள். அவ்வளவுதான். வேலியோரம் நின்ற ஐம்பது அறுபது பேரும் கைதட்டினார்கள். சுகிர்தா கைதட்டவில்லை. அவள் பந்தைப் பார்க்கவே இல்லை, இறங்கிய காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கால் முதலில் நிலத்தைத் தொட்டது, தொட்ட கணத்தில் முழங்கால் பெருவிரலுக்கு நேரே நில்லாமல் உள்பக்கமாகச் சாய்ந்து, பிறகு நேரானது. சாய்ந்ததா? கால்சட்டை காற்றில் அடித்தது. அதுவும் சாய்வுபோலத் தெரிந்திருக்கலாம். வெயில் மேகத்துக்குள் போய் வந்துகொண்டிருந்தது, நிழல் அசைந்திருக்கலாம். அவள் நின்ற இடம் சரியில்லை, பக்கவாட்டில் நின்று பார்த்தால் முழங்கால் எந்தப் பக்கம் போகிறது என்று நிச்சயமாகச் சொல்ல ஏலாது, நேரே முன்னால் நின்று பார்க்கவேண்டும். இது அவளுக்குத் தெரியாததல்ல. பதினேழு வருடமாக மனிதர்களை முன்னால் நிறுத்தி வைத்து முழங்கால் பார்ப்பதுதான் அவளுடைய வேலை. குறிப்புப் புத்தகத்தில் ‘11’ என்று எழுதினாள். பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ‘தலையால் நன்றாக அடிக்கிறாள்’ என்று எழுதினாள். அது உண்மை.

அவள் தெரிவாளராக வந்ததே ஒரு தற்செயல். கிழமை நாட்களில் டோர்ட்மூண்ட் நகரத்தில் ஒரு மறுவாழ்வு நிலையத்தில் இயன்மருத்துவர்: சத்திரசிகிச்சை முடிந்து வருபவர்களுக்கு நடக்கவும் படி ஏறவும் குந்தவும் திரும்பப் பழக்குவாள். சின்ன வயதில் ஜேர்மனிக்கு வந்து, பத்தொன்பது வயது வரை இங்கேயே உதைபந்து விளையாடியவள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கோடைகாலத் தமிழர் விளையாட்டு விழாவில் யாரோ அறிமுகப்படுத்தி, இலங்கைப் பெண்கள் தேசிய அணியின் பயிற்சியாளர் சந்திமா அவளுடன் தொலைபேசியில் கதைத்தார். ஐரோப்பாவில் கழகங்களுக்கு விளையாடுகிற எங்கள் நாட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், நாங்கள் அங்கே வந்து தேட முடியாது, நீங்கள் பார்த்துச் சொல்வீர்களா என்று கேட்டார். சம்பளம் இல்லாத வேலை. சுகிர்தா யோசிக்காமல் சம்மதித்தாள். இரவுகளில் ஜேர்மனி, சுவிஸ், நெதர்லாந்துக் கழகங்களின் பக்கங்களைத் திறந்து பெயர்ப் பட்டியல்களில் விரலை ஓட்டிக்கொண்டு போவாள். குட்டைக் குட்டைப் பெயர்களுக்கு நடுவில் திடீரென்று ஒரு நீளப் பெயர் வரும், வரியை மீறிக்கொண்டு நிற்கும், அதில் விரல் நின்றுவிடும். இந்த நான்காம் இலக்கப் பிள்ளையையும் அப்படித்தான் பிடித்தாள். நிதுஷா கேதீஸ்வரன், வயது இருபத்தொன்று, தாதியர் படிப்பு, இரண்டாம் தரப் பெண்கள் அணியில் பின்களம். சட்டையின் முதுகில் அப்பாவின் பெயர் இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள் வரை வளைந்து கிடந்தது. ஏழு கிழமையில் தகுதிச் சுற்று. பின்களத்துக்கு ஒரு இடம் மிச்சம். இன்றைக்கு ஆட்டம் முடிந்த கையோடு படிவத்தை அனுப்புங்கள், பட்டியலை நான் மாலைக்குள் கொடுத்தாக வேண்டும் என்று சந்திமா காலையிலேயே செய்தி போட்டிருந்தார். படிவம் கைத்தொலைபேசியில் இருக்கிறது. வேகம், பந்துக் கட்டுப்பாடு, தலையடி, துணிவு என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டு போனால் கடைசியில் ஒரு கட்டம் வரும். உடல்நிலை பற்றிய குறிப்பு. போன வருடம் அந்தக் கட்டத்தில் அவள் எழுதியது மூன்றே சொல். குறைபாடு எதுவும் காணவில்லை.

ஆரணி. நினைக்கக்கூடாது என்று நினைக்கும்போதே பெயர் வந்து நின்றது. சுவிஸில் ஒரு கழகத்துக்கு விளையாடிய பத்தொன்பது வயதுப் பிள்ளை, பக்கவாட்டில் ஓடினால் பின்னால் யாராலும் பிடிக்க முடியாது, சுகிர்தா கண்டுபிடித்த முதல் பிள்ளை. அன்றைக்கு மைதானத்தில் நேரே முன்னால் நின்றுதான் பார்த்தாள், நிழலும் இல்லை, காற்றும் இல்லை. இடது முழங்கால் சாய்ந்தது. ஒரு தடவை அல்ல, ஆறு தடவை. ஆறு என்று எண்ணியிருக்கிறாள், அந்தப் புத்தகத்தில் ஆறு கோடு இன்னும் இருக்கிறது. அப்படிச் சாய்கிற முழங்காலுக்குள் குறுக்கே ஓடும் நார் ஒரு நாள் அறுந்துபோகக்கூடும் என்று அவளுக்குத் தெரியும், அறுந்தவர்களைத்தானே அவள் தினமும் நடக்கப் பழக்குகிறாள். அதேநேரம் அப்படிச் சாய்கிற முழங்காலோடு வாழ்நாள் முழுக்க விளையாடி ஒன்றும் நடக்காமல் போனவர்களும் எத்தனையோ பேர், அதுவும் தெரியும். அந்த இரண்டாவது உண்மையைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள். எழுதினால் பிள்ளையை ஒதுக்கிவிடுவார்கள் என்று பயந்தாள். இல்லை, அது அழகான காரணம். தான் கண்டுபிடித்த முதல் பிள்ளை பட்டியலில் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டாள், அதுதான் காரணம். சந்திமா தொலைபேசியில் ஒரு தடவை கேட்டதும் நினைவிருக்கிறது, நீங்கள் இந்தத் துறை தெரிந்தவர், கால், முழங்கால் எல்லாம் சரிதானே? சரி, ஒன்றுமில்லை. எவ்வளவு இலேசாக வந்தது அந்தச் சொல். பிறகு மூன்றாவது ஆட்டம். சுகிர்தா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு கைத்தொலைபேசியில் நேரலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஆரணி பந்துக்கு எம்பினாள், பக்கத்தில் ஒருவரும் இல்லை, ஒருவரும் தொடவில்லை, தானே இறங்கினாள், இறங்கிய இடத்திலேயே விழுந்தாள். வர்ணனையாளர் ஏதோ நகைச்சுவை சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். எழும்பு, எழும்பு என்று சுகிர்தா வெங்காயக் கத்தியோடு நின்று சொன்னாள். பிள்ளை எழும்பவில்லை. சத்திரசிகிச்சை, ஒன்பது மாதம், கழகம் ஒப்பந்தத்தை நீட்டவில்லை. இன்றைக்கு ஆரணி ஒரு விளையாட்டுச் சப்பாத்துக் கடையில் நிற்கிறாள். அதைவிடக் கொடுமை அவளுடைய அம்மா. சிவமலர் அக்கா மாதத்துக்கு ஒரு தடவை தொலைபேசி எடுப்பா. தைப்பொங்கலுக்கு எடுத்தபோது சொன்னா: “தங்கச்சி, விழுந்தது விதி. நீங்கள் இல்லாட்டில் என்ர பிள்ளை நாட்டுக்கெண்டு மூண்டு மாட்ச் விளையாடியிருப்பாளே? அவள் விளையாடின படத்தைச் சாமியறையிலதான் வைச்சிருக்கிறன்.” சுகிர்தா அன்றைக்கு முழுக்கத் தண்ணீர்கூட இறங்காமல் இருந்தாள். திட்டினால் தாங்கலாம்.

“என்ன தங்கச்சி, எப்பிடி விளையாடுறாள்?” பக்கத்தில் நின்றவர் கேட்டார். நிதுஷாவின் அப்பா. கேதீஸ்வரன் ஒரு வெதுப்பகத்தில் வேலை செய்கிறவர், அதிகாலை வேலை முடித்து நேரே வந்திருக்கிறார், கண் சிவந்திருந்தது, காது மடலில் கொஞ்சம் மாவு ஒட்டியிருந்தது. சுடுதண்ணீர்ப் போத்தலில் தேத்தண்ணியும் வெள்ளிக் கடதாசியில் சுற்றிய ரோல்சும் கொண்டுவந்திருந்தார். “வடிவா விளையாடுறா அண்ணை.” “உண்மையாவோ? முகத்துக்காகச் சொல்லாதேங்கோ.” “உண்மையாத்தான்.” அவர் சிரித்தார், பிறகு வேலிக் கம்பியைப் பிடித்தபடி குரலைத் தாழ்த்தினார். “எங்கட ஆக்கள் சிலபேர் கேக்கினம், அந்த நாட்டுச் சட்டையைப் போட்டு உவள் விளையாடத்தான் வேணுமோ எண்டு. ஒருத்தர் வீட்ட வந்தே கேட்டார். நான் சொல்லிப்போட்டன், பிள்ளை விரும்புறாள், அப்பா பிறந்த ஊரை ஒருக்காப் பாக்கவேணும் எண்டும் சொல்லுறாள், அவளின்ர கால், அவள் விளையாடட்டும் எண்டு.” அவளின்ர கால். சுகிர்தா அவர் ஊற்றித் தந்த தேத்தண்ணியை விழுங்கினாள். இந்த மனிதர் ஆட்களோடு சண்டை பிடித்திருக்கிறார், அதிகாலை இரண்டு மணிக்கு எழும்பி வேலை செய்துவிட்டுத் தூங்காமல் நிற்கிறார், எல்லாம் நான் இந்தப் படிவத்தில் எழுதப்போகிற நாலு சொல்லுக்காக. இருபத்தாறாவது நிமிடம். நிதுஷா மறுபடியும் எம்பினாள். இந்தத் தடவை வலது கால் முதலில் இறங்கியது, நேராக. முப்பத்திரண்டு, இடது. சாய்ந்ததா? ஒரு தடித்த ஆள் நாயைப் பிடித்துக்கொண்டு குறுக்கே போய்விட்டார். நாயைச் சபித்தாள். “அண்ணை, நான் அந்தக் கோல் பக்கத்தில போய் நிண்டு பாக்கிறன்.” “இங்க நிண்டாத்தானே எல்லாம் தெரியும்?” “அங்கயிருந்து வேற மாதிரித் தெரியும்.” அவர் ரோல்சையும் எடுத்துக்கொண்டு கூடவே வந்தார்.

கோலுக்குப் பின்னால் நின்று பார்த்தாலும் நிச்சயமில்லை என்பதுதான் அவளைக் கலக்கியது. அங்கே நிதுஷாவின் முதுகுதான் தெரிந்தது. முப்பத்தொன்பதில் சாய்ந்தது, நாற்பத்திரண்டில் சாயவில்லை, அதற்குப் பிறகு ஒன்றில் அவள் கண் இமைத்துவிட்டாள். அவளுக்குத் தன் கண்ணிலேயே நம்பிக்கை போய்விட்டிருந்தது. ஆரணி விழுந்த நாளிலிருந்து உலகம் முழுக்க முழங்கால்களாகிவிட்டது. பேருந்தில் இறங்குகிற பெண்களின் முழங்கால், மின்படியில் முன்னால் நிற்பவரின் முழங்கால், கலியாண வீட்டில் சேலையை உயர்த்திப் பிடித்துப் படி இறங்குகிறவர்களின் முழங்கால். போன மாதம் மகள் மிதுனா சோபாவிலிருந்து குதித்தாள், ஒன்பது வயது, குதிக்கிற வயது. சுகிர்தா “இன்னொருக்காக் குதி” என்றாள். குதித்தாள். “இன்னொருக்கா. மெதுவா.” ஐந்தாவது தடவை பிள்ளை குதிக்காமல் நின்று கேட்டாள், “அம்மா, ஏன் என்ர காலையே பாக்கிறீங்கள்? என்ர காலுக்கு என்ன?” ஒன்றுமில்லை. அந்தச் சொல் மறுபடியும் அவ்வளவு இலேசாக வந்தது. ஆகவே இந்தப் பிள்ளையிலும் நான் ஆரணியைத்தான் பார்க்கிறேனோ? இல்லாத சாய்வை எழுதி, ஏழு கிழமையில் வரப்போகிற ஒரே ஒரு வாய்ப்பை ஒருத்தியிடமிருந்து பிடுங்கிவிட்டால்? அதுவும் பாவம்தானே. எழுதாமல் விட்டு அது நடந்தால்? எழுதி, அது வெறும் நிழலாக இருந்தால்? எழுதாமல் விட்டு, ஒன்றும் நடக்காமலும் போனால், ஒன்றும் நடக்காத ஒவ்வொரு ஆட்டத்தையும் நான் குசினியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேனே. ஊதல் சத்தம். இடைவேளை. ஒன்றுக்குப் பூச்சியம், நிதுஷாவின் அணி முன்னால். கேதீஸ்வரன் ஒரு ரோல்சைக் கையில் திணித்தார். “சாப்பிடுங்கோ, முகம் வெளிறிக் கிடக்கு.” மீன் ரோல்ஸ், மிளகு தூக்கலாக. அவள் மென்றுகொண்டே இருந்தாள், விழுங்க மறந்துபோனாள்.

இரண்டாவது பாதியில் அவளுக்குள் ஒரு கேவலமான ஆசை முளைத்தது. இவள் மோசமாக விளையாடினால் நல்லது. ஒரு பந்தைத் தவறவிடட்டும், எதிராளியின் காலைத் தட்டி மஞ்சள் அட்டை வாங்கட்டும், ஓடிக் களைத்து மூச்சு வாங்கட்டும், அப்போது படிவத்தில் ‘இன்னும் தயாரில்லை’ என்று எழுதிவிட்டுப் போய்விடலாம், முழங்கால் என்ற சொல்லையே எழுதத் தேவையில்லை. ஒரு தெரிவாளர் தான் பார்க்க வந்த பிள்ளை தோற்கவேண்டும் என்று வேலியில் தொங்கிக்கொண்டு வேண்டிக்கொள்வதை யாராவது கண்டால் என்ன நினைப்பார்கள். ஆனால் நிதுஷா அவளுக்கு இரங்கவில்லை. ஐம்பத்து மூன்றில் இரண்டு பேருக்கு நடுவில் காலை நீட்டிப் பந்தை எடுத்து, தலையைத் தூக்கி, அவசரப்படாமல் மறுகரைக்கு அனுப்பினாள். பயந்துபோயிருந்த இளம் கோல்காப்பாளரிடம் ஓடிப்போய்க் கன்னத்தில் தட்டி ஏதோ சொன்னாள், அந்தப் பிள்ளை சிரித்தது. அறுபதில் கடைசி ஆளாக நின்று ஒரு அடியைத் தொடையால் தடுத்தாள், தொடை சிவந்தது, தேய்க்கக்கூட இல்லை. இவ்வளவு நல்ல பின்கள வீராங்கனையை இந்த மூன்று வருடத்தில் அவள் பார்த்ததே இல்லை. அந்த அழகு அவளை ஒரு கணம் பயத்திலிருந்து தூக்கி எடுத்தது, பழைய ஆசை திரும்ப எட்டிப் பார்த்தது: கொழும்பில், சத்தமான ஒரு மைதானத்தில், இவள் சட்டையில் நாட்டின் பெயரோடு, நடுவில் நிமிர்ந்து நிற்கிறாள், யார் கண்டுபிடித்தது என்று கேட்கிறார்கள். யார் கண்டுபிடித்தது. அவள் உடனே பயந்து தலையை உதறினாள். இப்படித்தான் போன தடவையும் தொடங்கியது.

எழுபத்தெட்டாவது நிமிடம். எதிரணிக்கு மூலை உதை. நிதுஷாவின் அணி இந்தப் பாதியில் மறுபக்கக் கோலைக் காத்ததால் சுகிர்தாவும் கேதீஸ்வரனும் சுற்றிப்போய் அந்தக் கோலுக்கும் மூலைக்கும் நடுவில் நின்றிருந்தார்கள், பிள்ளை அவர்களுக்குப் பதினைந்து மீற்றர் தூரத்தில், இந்தத் தடவை முகம் அவர்கள் பக்கம் திரும்பி. இதற்குத்தான் அவள் காலையிலிருந்து காத்திருந்தாள், நேரே முன்னால், வெயில் விழுந்து, நாய் இல்லை, ஒருவரும் இல்லை. பந்து வளைந்து வந்தது. நிதுஷா கையை விரித்து இடம் பிடித்து எம்பினாள். உயரம், எல்லாரையும் விட உயரம். அவள் மேலே நிற்கும்போதே சுகிர்தாவுக்குக் கீழே வரப்போவது தெரிந்துவிட்டது, அல்லது குசினியில் கண்டது திரும்ப ஓடியது, எது என்று பிறகும் அவளால் சொல்ல முடியவில்லை. வாய் தானாகத் திறந்தது. “முழங்கால்! பிள்ளை, முழங்காலைப் பார்!” தமிழில், தொண்டை கிழிய. அந்த மைதானத்தில் தமிழ் விளங்கக்கூடிய ஒரே விளையாட்டுக்காரி காற்றில் நின்றபடியே தலையைத் திருப்பினாள். பந்து அவளுடைய நெற்றியில் பட வேண்டியது, காதோரம் உரசிக்கொண்டு பின்னால் போனது, அங்கே நின்ற எதிரணிப் பெண்ணுக்குக் காலை நீட்டுவதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை. வலை குலுங்கியது. சுகிர்தா அதைச் சத்தத்தில்தான் அறிந்தாள். கத்தும்போது கண்ணை இறுக மூடியிருந்தாள். முழங்கால் எப்படி இறங்கியது என்று அவளுக்குத் தெரியவே இல்லை.

ஒன்றுக்கு ஒன்று. அப்படியே முடிந்தது. அந்தப் பன்னிரண்டு நிமிடமும் கேதீஸ்வரன் மகளைப் பார்க்கவும் இல்லை, சுகிர்தாவைப் பார்க்கவும் இல்லை, வெள்ளிக் கடதாசியைச் சின்னதாக, இன்னும் சின்னதாக உருட்டிக்கொண்டு நின்றார். போய்விடலாம் என்று அவள் நினைத்தாள். வாகனத்தில் ஏறிப் போய், வழியில் எங்காவது நிறுத்தி, படிவத்தை நிரப்பி அனுப்பிவிடலாம், தலையடி நன்று, துணிவு நன்று, கடைசிக் கட்டத்தில் அந்த மூன்று சொல்லோ வேறு மூன்று சொல்லோ. கால் நகரவில்லை. நிதுஷா சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நேரே அவர்களிடம் வந்தாள், முகம் எரிந்தது.

“அப்பா, நீங்களா கத்தினது?”

கேதீஸ்வரன் வாயைத் திறந்தார். அவர் ஓம் என்று சொல்லப்போகிறார், விருந்தாளியைக் காப்பாற்றப்போகிறார் என்று சுகிர்தாவுக்கு விளங்கியது.

“நான்தான் பிள்ளை,” என்றாள். “அப்பா இல்லை. கோல் போனதும் என்னாலதான்.”

“ஏன்?”

“இந்தப் படியில ஏறி நில்லும். சொல்லுறன்.”

பார்வையாளர் வரிசைக்கு ஏறும் சீமெந்துப் படி. நிதுஷா கோபத்தோடு ஏறி நின்றாள். வலது காலில் மட்டும் நின்று மெதுவாகக் குந்தச் சொன்னாள் சுகிர்தா, குந்தினாள், முழங்கால் கல்லுப்போல நேராக நின்றது. “இப்ப இடது.” இடதில் குந்தினாள். பாதித் தூரம் இறங்கியதும் முழங்கால் நடுங்கி உள்ளே போனது. நிழல் இல்லை. காற்று இல்லை. நிதுஷாவே குனிந்து பார்த்தாள். மறுபடி செய்தாள். மறுபடியும் உள்ளே போனது. சுகிர்தாவுக்கு முதலில் வந்தது நிம்மதி, என் கண் பொய் சொல்லவில்லை என்ற நிம்மதி, அதைத் தொடர்ந்து உடனே வெட்கம். படியிலேயே உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்: இது நோய் அல்ல, இடுப்புத் தசையும் தொடைத் தசையும் பழகவேண்டும், ஒழுங்காகச் செய்தால் எட்டுப் பத்துக் கிழமையில் நன்றாகத் திருந்தும், திருந்தும் வரை ஒவ்வொரு தடவை எம்பும்போதும் ஆபத்துக் கூட. அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. ஆரணியின் பெயரைச் சொன்னாள், ஆறு கோட்டைச் சொன்னாள், மூன்று சொல்லைச் சொன்னாள். ஒரு வருடமாகப் புருசனிடம்கூடச் சொல்லாததை வியர்வை காயாத ஒரு பிள்ளைக்கும் தூக்கம் கெட்ட ஒரு தகப்பனுக்கும் சீமெந்துப் படியில் இருந்து சொல்லி முடித்தாள்.

கேதீஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டார். “அப்ப இதை இண்டைக்கு எழுதினால் இவளை எடுக்க மாட்டினமோ?”

“இந்தத் தடவை எடுக்க மாட்டினம் எண்டுதான் நினைக்கிறன் அண்ணை.”

அவர் தலையாட்டினார். சப்பாத்துகளை மகளின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வாகனத் தரிப்பிடத்தை நோக்கி நடந்தார். ஆட்களோடு பிடித்த சண்டை, தூங்காத காலைகள், எல்லாம் அந்த முதுகில் தெரிந்தது. நிதுஷா போகவில்லை. முழங்காலை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள். அழுவாள் என்று சுகிர்தா எதிர்பார்த்தாள்.

“ஆரணியின்ர வீடியோவை நான் நிறையத் தடவை பாத்திருக்கிறன்,” என்றாள் நிதுஷா. ஜேர்மன் வாடை அடிக்கிற தமிழ், சொல்லுக்குச் சொல் யோசித்து. “ஒருத்தரும் தொடேல்ல. ஏன் விழுந்தா எண்டு எனக்கு விளங்கவே இல்லை. அவவுக்குத் தெரியுமா?”

“என்ன?”

“நீங்கள் முதலே கண்டது. அவவுக்குத் தெரியுமா?”

“இல்லை.”

நிதுஷா அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். கோபம் இல்லை, அதைவிடக் கடினமான ஏதோ ஒன்று. “அவ தன்ர பிழை எண்டு நினைச்சுக்கொண்டிருப்பா,” என்றாள். “நான் எண்டா அப்பிடித்தான் நினைப்பன்.” பிறகு “எழுதுங்கோ” என்று கைத்தொலைபேசியைக் காட்டினாள். “என்ன செய்யவேணும் எண்ட பயிற்சியையும் சேத்து எழுதுங்கோ. எனக்கும் அனுப்புங்கோ.” காலுறையோடு அப்பாவின் பின்னால் நடந்தாள்.

சுகிர்தா எழுதினாள். மற்றக் கட்டங்களில் எல்லாம் உயர்ந்த புள்ளி. கடைசிக் கட்டத்தில் ஏழு வரி, இடது முழங்கால் என்று தொடங்கி. அனுப்பி ஐந்து நிமிடத்தில் சந்திமாவிடமிருந்து பதில் வந்தது. நன்றி, இந்தத் தடவை வேறு ஆளை எடுக்கிறேன், இந்தப் பிள்ளையைப் பயிற்றுங்கள், வருட முடிவில் நானே பார்க்க விரும்புகிறேன். இவ்வளவுதானா? இவ்வளவு சாதாரணமாகவா? போன வருடம் எழுதியிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும். அவ தன்ர பிழை எண்டு நினைச்சுக்கொண்டிருப்பா. பிழையாக இறங்கிவிட்டேன் அக்கா என்று மருத்துவமனைக் கட்டிலில் கிடந்து ஆரணி சொன்னது அப்போதுதான் நினைவு வந்தது, அதை எங்கே புதைத்து வைத்திருந்தாள் இவ்வளவு நாளும்? பிழையாக இறங்கிவிட்டேன் அக்கா. அதற்கு அவள் என்ன பதில் சொன்னாள்? பரவாயில்லை என்று சொன்னாள். தலையைத் தடவிக்கொண்டு, பரவாயில்லை என்று. வாகனத்தின் கதவைத் திறந்து உட்கார்ந்தாள், கதவை மூடாமலே ஆரணியின் இலக்கத்தை அழுத்தினாள். ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டு, வீட்டில்தான் இருப்பாள். எடுக்காவிட்டால் நல்லது. எடுக்காதே. மூன்றாவது மணியில் எடுத்தாள்.

“சுகிர்தா அக்கா! எங்க, மாட்ச் பாக்கப் போனீங்களா? யார் ஆள்?”

சொன்னாள். நிதுஷாவை விட்டுவிட்டு ஆரணியைப் பற்றியே சொன்னாள், சுற்றி வளைக்காமல், அன்றைக்கு எந்த நிமிடம் எந்த நிமிடம் கண்டாள் என்பது வரை. மறுபக்கம் தூரத்தில் தொலைக்காட்சி ஓடுவது கேட்டது. யாரோ பாத்திரம் கழுவினார்கள்.

“ஆறு தரமா?” என்று கடைசியில் ஆரணி கேட்டாள்.

“ஆறு தரம்.”

“நான் ஒவ்வொரு நாளும் அந்த வீடியோவைப் பாத்து எங்க பிழை விட்டனான் எண்டு தேடுறனான் அக்கா.” குரல் உடைந்து, திரும்பச் சேர்ந்தது. “இண்டைக்குப் பாத்த பிள்ளைக்கு எழுதிட்டீங்களா?”

“எழுதிட்டன்.”

“சரி.” மூச்சு வந்து போனது. “அம்மா குசினிக்குள்ள நிக்கிறா. போனை அவவிட்டக் குடுக்கிறன். நான் சொல்ல மாட்டன். நீங்களே சொல்லுங்கோ.”

வேண்டாம் என்று சொல்ல நேரம் இருக்கவில்லை. செருப்புச் சத்தம், தண்ணீர்க் குழாய் பூட்டுகிற சத்தம், பிறகு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வருகிற, எப்போதும்போல மலர்ந்த குரல்.

“தங்கச்சி, எப்பிடி இருக்கிறியள்? கன நாளாக் கதைக்கேல்லை. சாப்பிட்டியளோ?”

“சிவமலர் அக்கா,” என்றாள் சுகிர்தா. “கொஞ்சம் இருங்கோ. இருந்துகொண்டு கேளுங்கோ.”